வீட்டில் கட்டும் சிறு விமானம்: நெல்லைச் சீமையிலிருந்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முன்னீர்பள்ளத்தில் எங்கள் அப்பா காலத்து நெல் குடோன் ஒன்று சும்மா கிடந்தது. விமானப்படையில், விமானத்தின் உடலைப் பழுது பார்க்கும் ஏர்ஃபிரேம் பிரிவில், இருபது வருஷம் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பிய நான், மச்சினனைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டு, ஆறு வருஷமாக அங்கே இரண்டு இருக்கை விமானம் ஒன்றைக் கட்டிக்கொண்டிருக்கிறேன். உடல் குரோம்-மாலி எஃகுக் குழாய்; இறக்கை விலாக்கள் அலுமினியம்; மேலே பாலியஸ்டர் துணி. வரைபடம் வெளிநாட்டு வடிவமைப்பாளர் ஒருவரிடம் காசு கொடுத்து வாங்கியது. பொறியியல் கல்லூரிப் பிள்ளைகள், லேத் பட்டறைக்காரர்கள், பக்கத்து வயல்காரர்கள் எல்லாரும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே எழுதி வைக்கிறேன்.

அண்ணாச்சி, விமானம் பறந்துச்சா?

இன்னும் இல்லை. எஞ்சின் ஓட்டிப் பார்த்தாயிற்று, எடை போட்டாயிற்று, அனுமதிக் காகிதங்கள் நடந்துகொண்டிருக்கின்றன. அது கையில் வராமல் சக்கரம் தரையை விட்டு எழும்பாது. அதனால் கட்டுவது, மாற்றுவது, சோதிப்பது பற்றித்தான் இங்கே என்னிடம் பதில் இருக்கும்.

நம்ம நாட்டுல வீட்டுல விமானம் கட்டுறது சட்டப்படி செல்லுமா?

செல்லும், ஆனால் கட்டி முடித்துவிட்டு அனுமதி கேட்கிற காரியம் இல்லை. வானூர்திகளின் வடிவமைப்பு, தயாரிப்பு, பதிவு, பறப்பு எல்லாம் மத்திய அரசின் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டிஜிசிஏவின் கையில் இருக்கிறது. 1934ஆம் ஆண்டின் பழைய வானூர்திச் சட்டம் போய், அதனிடத்தில் 2024இல் நிறைவேறிய பாரதிய வாயுயான் அதிநியம் 2025 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கிறது. முதல் தகட்டை வெட்டுவதற்கு முன்பே டிஜிசிஏவின் விதிகளைத் தரவிறக்கிப் படியுங்கள். எழுதிக் கேளுங்கள், வந்த பதிலைக் கோப்பில் போடுங்கள்.

நம்பிக்கைக்கு ஒரு ஆளைச் சொல்கிறேன். மும்பை காந்திவலியில் கேப்டன் அமோல் யாதவ் தன் வீட்டு மொட்டை மாடியில் ஆறு இருக்கை விமானம் கட்டினார். 2016இல் அதைப் பொதுக் கண்காட்சியில் வைத்தார். 2017இல் பதிவும், 2019இல் பறக்க அனுமதியும் வந்தன. கட்டியதற்குச் சமமான காலம் காகிதத்துக்கும் ஆகும் என்பதை அவர் கதையிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். வழி இருக்கிறது என்பதையும் எடுத்துக்கொள்ளலாம்.

அமெரிக்காவில் இதற்குத் தனி வகையே உண்டு. வேலையில் பாதிக்கு மேல் கட்டுகிறவர் தன் கையாலேயே, கற்றுக்கொள்வதற்காகவோ பொழுதுபோக்காகவோ செய்திருக்க வேண்டும். 51 சதவீத விதி என்று பேச்சு வழக்கில் சொல்வது அதைத்தான். அந்த நாட்டு வீடியோக்களைப் பார்த்துவிட்டு அதே விதி இங்கேயும் என்று நினைத்துவிடாதீர்கள்.

ஓட்ட லைசென்ஸ் வேணுமா?

கண்டிப்பாக. தனியார் பைலட் லைசென்ஸுக்குக் குறைந்தது 17 வயதும் 40 மணி நேரப் பறப்பும் வேண்டும், மருத்துவச் சான்றும் வேண்டும். கட்ட ஆரம்பிக்கும்போதே பழகவும் ஆரம்பித்துவிடுங்கள். ஓட்டத் தெரிந்தவன் கட்டும்போது கைப்பிடி எங்கே இருக்க வேண்டும் என்பது அவன் கைக்கே தெரியும்.

நானே டிசைன் போட்டுக் கட்டலாமா?

முதல் விமானத்துக்கு வேண்டாம். பலர் கட்டி, பலர் பறந்து, தப்பு தெரிந்து திருத்தப்பட்ட வரைபடத்தை வாங்குங்கள்.

பிரான்ஸில் ஹென்றி மின்யே என்பவர் 1933இல் "பறக்கும் தெள்ளுப்பூச்சி" என்று பேர் வாங்கிய ஒரு குட்டி விமானத்தை உருவாக்கினார். ஆணி அடிக்கத் தெரிந்தவன் எவனும் கட்டலாம் என்கிற அளவுக்கு எளிமை. ஐரோப்பா முழுக்க ஆட்கள் கட்டினார்கள். 1935, 36இல் வரிசையாக விபத்து. கட்டினவர்களின் கைவேலையைக் குறை சொல்லத் தோன்றும். பிரான்ஸிலும் இங்கிலாந்தின் ஃபார்ன்பரோவிலும் முழு விமானத்தையே காற்றுச் சுரங்கத்தில் நிறுத்திப் பார்த்தபோதுதான் உண்மை வெளிவந்தது. முன் இறக்கையும் பின் இறக்கையும் நெருங்கி நின்றதால், மூக்கு ஓரளவுக்கு மேல் கவிழ்ந்துவிட்டால் ஸ்டிக்கை எவ்வளவு இழுத்தாலும் நிமிரவில்லை. கட்டினவன் கையில் தப்பே இல்லாமல் உயிர் போயிருக்கிறது. பல விமானம் கட்டிப் பார்த்த மனிதருக்கே கண்ணில் படாதது, குடோனில் உட்கார்ந்து கோடு போடும் நமக்கு எப்படிப் படும்?

மரமா, பைபரா, அலுமினியமா, துணியா?

எல்லாவற்றிலும் நல்ல விமானங்கள் உண்டு. அமெரிக்க வடிவமைப்பாளர் பர்ட் ரூட்டன் 1975இல் வேரி-ஈஸி என்ற விமானத்தைக் கொண்டுவந்தார். நுரைக்கட்டையைச் சூடான கம்பியால் வெட்டி, அதன் மேல் கண்ணாடி இழைத் துணியையும் எபாக்ஸிப் பிசினையும் போர்த்துவது அவர் முறை, அச்சு வேண்டாம். அதற்குப் பிறகு வந்த, அளவில் பெரிய விமானம் லாங்-ஈஸி. அந்த வடிவத்தை வைத்துத்தான் பெங்களூரில் உள்ள அரசு விமான ஆய்வுக்கூடமான என்ஏஎல் 1980களில் ஓர் ஆராய்ச்சி விமானத்தைக் கட்டியது.

நான் குழாயும் துணியும் எடுத்ததற்குக் காரணம் நம் ஊர்தான். எபாக்ஸி நல்ல சூட்டில் இளகும். சித்திரை வெயிலில் வெளியே நிற்கும் பைபர் இறக்கைக்கு வெள்ளையைத் தவிர வேறு நிறம் அடிக்கக் கூடாது என்பார்கள். மர விமானம் என்றால் ஆடி மாதச் சாரல் ஈரத்திலும் வைகாசி வறட்சியிலும் பசை மூட்டுகளைக் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும். குழாய் உடலில் எது பழுதானாலும் துணியை அறுத்துக் கண்ணால் பார்த்துவிடலாம். இருபது வருஷம் பழுது பார்த்தே பிழைத்தவனுக்கு அது பெரிய நிம்மதி.

அலுமினியம் வாங்குவதில் ஒரு எச்சரிக்கை. விமானத்துக்கான 6061-டி6 என்ற கடினத் தகடும் பாத்திரத்துக்கும் கூரைக்கும் போகும் மென்மையான தகடும் பார்வைக்கு ஒன்றே. ஆனால் மென்தகட்டுக்கு இதன் பலத்தில் பாதி கூடக் கிடையாது. ஒரு வியாபாரி எங்களுக்கு "அதே சரக்குதான்" என்று கொடுத்த தகட்டை ஒரு துண்டு வெட்டி மடக்கினேன். வாழை மட்டை மாதிரி வளைந்து அப்படியே நின்றது. டி6 இவ்வளவு லேசாக மடங்காது, முறுக்கிக்கொண்டு திரும்பப் பார்க்கும், அதட்டி மடக்கினால் விளிம்பில் வெடிக்கும். ஆலைச் சோதனைச் சான்றிதழ் இல்லாத தகட்டை எடுக்காதீர்கள்.

டவுன்ல கிடைக்கிற போல்ட்டு போதாதா? அதுவும் இரும்புதானே?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இது. மச்சினனும் இதைத்தான் கேட்டான்.

பலம் மட்டும் பேசினால் கடையில் கிடைக்கும் 8.8 என்ற பலத் தரப் போல்ட் ரொம்பப் பின்தங்கி இல்லை. வித்தியாசம் உடம்பில் இருக்கிறது. விமானத்துக்கான ஏஎன் போல்ட்டில் மரை நுனியில் மட்டும்தான் இருக்கும். மீதி வழவழப்பான தண்டு. அந்தத் தண்டின் நீளம் அது கோக்கும் தகடுகளின் மொத்தத் தடிமனுக்குச் சரியாக இருக்கும்படி தேர்ந்தெடுக்க வேண்டும். விட்டமும் துளைக்குக் கச்சிதமாக இருக்கும். ஏஎன்-3 என்றால் 3/16 அங்குலம், ஏஎன்-4 என்றால் கால் அங்குலம். கடைப் போல்ட்டில் பெரும்பாலும் தலை வரைக்கும் மரை ஓடும்.

ஒருநாள் இறக்கைத் தாங்கு கம்பியின் பிராக்கெட்டைப் பொருத்திப் பார்க்க, தற்காலிகமாக என்று சொல்லி ஒரு கடைப் போல்ட்டைப் போட்டு வைத்திருந்தான் மச்சினன். இறக்கையைப் பிடித்து நாலு தடவை ஆட்டிப் பார்த்தோம். பிறகு கழற்றி, டார்ச் அடித்துத் துளைக்குள் பார்த்தேன். உள் சுவரில் வரிவரியாக மரை பதிந்திருந்தது, ரம்பப் பல் கடித்த மாதிரி. துளை ஒரு பக்கம் முட்டை வடிவத்துக்குப் போக ஆரம்பித்திருந்தது. கையால் ஆட்டியதற்கே இது. பறக்கும்போது மணிக்கணக்கில் அதிர்ந்தால் அந்த வரியில்தான் முதல் விரிசல் பிறக்கும். பிராக்கெட்டைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாகச் செய்ய மூன்று சாயங்காலம் ஆனது. அன்றிலிருந்து கடைப் போல்ட்டுகளுக்குச் சிவப்புப் பெயின்ட் தொட்டு வைக்கிறோம். சிவப்புத் தலை ஒன்று கூட விமானத்தில் நிற்கக் கூடாது.

கூடவே இதையும் பழகிக்கொள்ளுங்கள். உள்ளே நைலான் வளையம் வைத்த பூட்டு நட்டு (நைலான் நட்டு) விரலால் சுழற்றினாலே இறங்குகிறது என்றால் அதன் காலம் முடிந்தது. சுழலும் மூட்டில் நைலான் நட்டு கூடாது, அங்கே கோட்டை மதில் மாதிரி பள்ளம் வெட்டிய, ஸ்பிளிட் பின் போட்ட "காசில்" (castle) நட்டுதான். முறுக்கி முடித்த நட்டின் மேல் ஒரு கோடு பெயின்ட் இழுத்துவிடுங்கள். நட்டு அசைந்தால் கோடு உடையும், எட்ட நின்றே தெரியும்.

துணியை இஸ்திரிப் பெட்டி வச்சுத் தேய்க்கிறதா சொல்றாங்களே?

ஆமாம். பாலியஸ்டர் துணி சூட்டில் சுருங்கும். சட்டத்தின் மேல் தளர்வாக ஒட்டிவிட்டு, முதலில் சுமார் 120 டிகிரியில் தேய்த்தால் சுருக்கம் போகும். கடைசியில் சுமார் 175 டிகிரியில் தேய்த்தால் தவில் தோல் மாதிரி விறைக்கும். அதற்கு மேல் சூடு போனால் துணி பலம் இழந்து தளர்ந்துவிடும், திரும்ப விறைக்காது. பெட்டியில் இருக்கும் "காட்டன், சில்க்" என்ற குறிகளை நம்பக் கூடாது. வெப்பமானியைப் பெட்டியின் அடியில் வைத்து அளந்து, திருகில் நம் குறியை நாமே போட வேண்டும்.

விறைத்த பிறகு ஒவ்வொரு விலாவோடும் துணியை நூலால் தைக்க வேண்டும். மேலிருந்து ஊசி விட்டு, கீழே வாங்கி, முடிச்சிட்டு, அடுத்த இடம். என் மனைவிக்குப் பத்தமடைப் பக்கம். பாய் நெசவு பார்த்தே வளர்ந்த கை. என் முடிச்சைப் பார்த்துவிட்டு, "இழுவை ஒரே மாதிரி இல்லையே" என்று ஊசியை வாங்கிக்கொண்டாள். வலது இறக்கை முழுவதும் அவள் தைத்தது. இரண்டு இறக்கையையும் தட்டிப் பார்த்தால் அவள் தைத்த பக்கம் ஒரே ஓசை கேட்கும்.

துணிக்கு மேல் அலுமினியத் தூள் கலந்த வெள்ளிப் பூச்சு அவசியம். அழகுக்காக இல்லை, வெயிலின் புற ஊதாக் கதிர் துணியைத் தின்னாமல் இருக்க. நம் வெயிலுக்கு இந்தப் பூச்சில் கஞ்சத்தனம் கூடாது.

புல்லட் எஞ்சின் போடலாமா? மாருதி 800 எஞ்சின்?

புல்லட் வேண்டாம். இருபது குதிரைத் திறனுக்கு அந்த எடை கட்டாது. சுஸுகியின் சின்ன கார் எஞ்சின்களை வெளிநாட்டில் பலர் மாற்றிப் பறந்திருக்கிறார்கள், முடியாத காரியமில்லை. ஆனால் என்னென்ன மாற வேண்டும் என்று பாருங்கள். சாலையில் கார் எஞ்சின் தன் முழுத் திறனில் ஒரு பங்கைத்தான் பெரும்பாலும் கொடுக்கும். விமானத்தில் முக்கால் பங்கு திறனை மணிக்கணக்கில் கேட்போம். குளிர்விப்பு அதற்குத் தகுந்தபடி வேண்டும். இக்னிஷன் இரண்டு தனித்தனியாக வேண்டும், ஒன்று போனாலும் மற்றது இழுக்க.

பிறகு கியர். எங்கள் விமான எஞ்சின் ரோட்டாக்ஸ் 912 யூஎல்எஸ் 100 குதிரைத் திறன், நீடித்து ஓடும் வேகம் 5500 ஆர்பிஎம். அந்த வேகத்தில் 1.7 மீட்டர் புரொப்பெல்லரை நேரடியாகச் சுழற்றினால் அதன் நுனி நொடிக்கு 490 மீட்டர் ஓடும். ஒலியின் வேகமே சுமார் 345 மீட்டர்தான். அலறல் வரும், இழுவை வராது. அதனால்தான் 2.43க்கு 1 என்ற கியர் வைத்திருக்கிறார்கள். புரொப்பெல்லர் 2260 சுற்றுக்கு இறங்குகிறது, நுனி வேகம் 200 மீட்டர் சொச்சம். கார் எஞ்சினுக்கு இந்தக் கியரை நீங்களே செய்ய வேண்டும், அதன் அதிர்வுக் கணக்கையும் நீங்களே போட வேண்டும். நம் லேத் பட்டறைகளில் கைத்திறன் நிறைய உண்டு, ஆனால் அதிர்வுக் கணக்கு வேறு படிப்பு.

பெட்ரோல் பங்க்லயே பிடிச்சு ஊத்தலாமா?

முன்பு முடிந்தது. இப்போது பங்குகளில் வருவது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். இந்த ரோட்டாக்ஸுக்குத் தயாரிப்பாளர் ஒப்புக்கொண்ட உச்சம் 10 சதவீதம். எத்தனால் தண்ணீரை உறிஞ்சும், சில வகை ரப்பரையும் பைபர் டேங்கின் ரெசினையும் கெடுக்கும். சூட்டில் குழாய்க்குள்ளேயே ஆவியாகி எரிபொருள் ஓட்டத்தை அறுக்கவும் செய்யும்.

விமானங்களுக்கான பெட்ரோலான ஆவ்காஸ் 100 எல்எல் போடலாம். இந்தியன் ஆயில் 2022இல் இருந்து அதை நம் நாட்டிலேயே தயாரிக்கிறது. அதில் ஈயம் இருப்பதால் எஞ்சின் ஆயிலை இன்னும் அடிக்கடி மாற்ற வேண்டும். எதை ஊற்றினாலும் கண்ணாடிக் குப்பியில் பிடித்து, தண்ணீர் சேர்த்துக் குலுக்கிப் பாருங்கள். தண்ணீர் மட்டம் உயர்ந்தால் உள்ளே எத்தனால் இருக்கிறது.

வரைபடத்துல இருக்கிறதை நம்ம வசதிக்குச் சின்னதா மாத்தினா என்ன ஆகும்?

இந்தக் கேள்விக்குத்தான் நான் அதிக நேரம் கொடுப்பேன். கட்டுகிறவனைக் கவிழ்ப்பது பெரிய தப்புகளை விட இந்த "சின்னதா" தான்.

பாடகர் ஜான் டென்வர் 1997 அக்டோபர் 12 அன்று கலிஃபோர்னியாவின் மான்டரே விரிகுடாவில் விழுந்து இறந்தார். அவர் ஓட்டியது நான் மேலே சொன்ன லாங்-ஈஸி வகை, வேறொருவர் கட்டியதை வாங்கியிருந்தார். எரிபொருளை இடது டேங்கிலிருந்து வலதுக்கு மாற்றும் வால்வு, ரூட்டனின் வரைபடத்தில் பைலட்டின் கால்களுக்கு நடுவே இருக்கிறது. கட்டியவர் அதை இடது தோளுக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்தார். பெட்ரோல் குழாய் உட்காரும் இடத்துக்குள் வர வேண்டாம் என்ற நல்ல எண்ணத்தில்தான். பறக்கும்போது வால்வைத் திருப்ப வேண்டுமென்றால் உடம்பை முறுக்கிக் கையைப் பின்னால் கொண்டுபோக வேண்டும். அப்படி முறுக்கும்போது வலது கால் தானாக, வாலில் மூக்கைத் திருப்பும் ரட்டரின் மிதியை மிதிக்கும். விசாரித்த அமெரிக்க வாரியம் காரணங்களில் ஒன்றாக இந்த இடமாற்றத்தைச் சொன்னது. வால்வும் நல்ல வால்வு, குழாயும் நல்ல குழாய். மாறியது இடம் மட்டும்.

எங்கள் கதை அந்த அளவுக்குப் போகவில்லை, தரையிலேயே பிடிபட்டது. பாட்டரி வரைபடப்படி எஞ்சின் பக்கத் தடுப்புச் சுவரில் இருந்தது. அங்கே சூடு அதிகம், பாட்டரி ஆயுசு குறையும் என்று இருக்கைக்குப் பின்னால் நகர்த்தினோம். ஐந்து கிலோதான். ஒரு பை அரிசி எடை. பிறகுதான் எடை போட்டோம்.

எடை எப்படிப் போட்டீங்க?

வாழைத்தார் மண்டியிலிருந்து மூன்று மின்னணுத் தராசுகள். "காலைல எட்டு மணிக்குள்ள கொண்டாந்துருங்க தம்பி, லோடு வந்துரும்" என்றார் மண்டி அண்ணாச்சி. அதனால் ராத்திரியிலேயே ஆரம்பித்தோம். ஒரே தண்ணீர்க் கேனை மூன்றிலும் வைத்து, மூன்றும் ஒரே எடை காட்டுகிறதா என்று முதலில் பார்த்தோம். ஒவ்வொரு சக்கரத்துக்கும் ஒரு தராசு. ரசமட்டம் வைத்து உடலை மட்டப்படுத்தி, மின்விசிறியை நிறுத்தி, கதவைச் சாத்தினோம். காற்றில் இறக்கை லேசாகத் தூக்கினாலும் எடை குறைந்து காட்டும். கொத்தனாரிடம் வாங்கிய தூக்குக்குண்டை இறக்கையின் முன் விளிம்பிலிருந்து தொங்கவிட்டு, தரையில் சாக்பீஸ் கோடு போட்டோம். அந்தக் கோடுதான் பூஜ்யம். எல்லா தூரமும் அதிலிருந்து.

பின் சக்கரங்கள் கோட்டுக்கு 0.75 மீட்டர் பின்னால், இரண்டிலுமாகச் சேர்த்து 224 கிலோ. மூக்குச் சக்கரம் 0.70 மீட்டர் முன்னால், 60 கிலோ. மொத்தம் 284. எடையைத் தூரத்தால் பெருக்குங்கள்: பின்னால் 168, முன்னால் 42, மிச்சம் 126. அதை 284ஆல் வகுத்தால் 0.444 மீட்டர். வெறும் விமானத்தின் எடை மையம் அங்கே நிற்கிறது. இது முதலில் பாட்டரியைத் தற்காலிகமாகப் பழைய இடத்தில் வைத்து எடுத்த கணக்கு. எங்கள் வடிவமைப்பாளர் அனுமதிக்கும் பின் எல்லை 0.49.

இப்போது ஒரு பைலட் 75 கிலோ 0.50இல், பெட்ரோல் 30 கிலோ 0.45இல், பின்னால் ஒரு பத்து கிலோ பை 1.5இல். மொத்தம் 399 கிலோ, மையம் 0.481. எல்லைக்குள். பாட்டரியை 2.2 மீட்டர் பின்னால் நகர்த்திய பிறகு அதே ஆள், அதே பெட்ரோல், அதே பை: 0.509. எல்லைக்கு வெளியே இரண்டு சென்டிமீட்டர். எடை மையம் பின்னால் போன விமானம் மூக்கைத் தானே தூக்கும், இறக்கை தூக்கும் விசையை இழந்து ஸ்டால் ஆனால் மீளாமல் சுழலலாம். விடியும்போது பாட்டரி பழைய இடத்துக்குப் போனது. சூட்டுக்கு ஒரு காற்றுக் குழாய் வைத்தோம், வடிவமைப்பாளரிடம் எழுதிக் கேட்டுவிட்டுத்தான்.

அதே ராத்திரி இன்னொன்றும் வலித்தது. வரைபடத்தில் வெறும் எடை 265. எங்களுடையது 284. எங்களுடையது சேரும் மைக்ரோலைட் என்ற இலகு வகையில், இரண்டு இருக்கைக்கு மொத்த எடை 450 கிலோதான். 75 கிலோவில் இரண்டு பேர் ஏறினால் எங்களுக்கு மிச்சம் 16 கிலோ, அதாவது 22 லிட்டர் பெட்ரோல். 265ஆக இருந்திருந்தால் 48 லிட்டர். மெத்தை, கூடுதல் பெயின்ட் பூச்சு, "இருக்கட்டுமே" என்று தடிமன் கூட்டிய தகடுகள், இவையெல்லாம் சேர்ந்து ஒரு மணி நேரத்துக்கு மேலான பறப்பைத் தின்றுவிட்டன. இப்போது சுவரில் ஒரு நோட்டு தொங்குகிறது. எதை மாட்டினாலும் கழற்றினாலும் தேதி, எடை, கோட்டிலிருந்து தூரம், காரணம் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுகிறோம். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்தான். முந்தியதைச் சோதித்து முடிக்காமல் அடுத்தது கிடையாது.

பெயின்ட்ல கூடவா கணக்கு?

இறக்கையின் பின் விளிம்பில் அசையும் ஐலரானும் வாலின் ரட்டரும் கீலுக்கு முன்னால் ஈய எடை வைத்துச் சமன் செய்யப்பட்டவை. அதன் பிறகு பின் விளிம்பில் இன்னொரு கோட் பெயின்ட் ஏறினால் சமன் போகும், வேகத்தில் படபடவென்று அடித்துக்கொண்டு சில நொடிகளில் பிய்ந்துகூடப் போகலாம். பெயின்ட் காய்ந்த பிறகு மறுபடி சமன் பாருங்கள்.

எங்கே பறப்பீங்க? கயத்தாறு பழைய ரன்வே சும்மாதானே கிடக்கு?

சும்மா கிடக்கும் ஓடுதளம் எல்லாம் பொது ஓடுதளம் இல்லை. இரண்டாம் உலகப்போர் காலத்து ஓடுதளம் என்றாலும் நிலத்துக்கு உரியவர் அனுமதியும் டிஜிசிஏ அனுமதியும் வேண்டும். நாலுவழிச் சாலையில் ஓட்டிப் பார்க்கலாமா என்று கேட்கிறவர்களும் உண்டு. கூடாது, வேகமாகத் தரையில் ஓட்டுவதுகூடக் கூடாது. சிறு விமானம் நினைக்காமலே எழும்பிவிடும்.

நம் பகுதி வானத்தை வரைபடத்தில் பாருங்கள். கிழக்கே வாகைக்குளம் விமான நிலையம், தெற்கே கூடங்குளம் அணுமின் நிலையம், மகேந்திரகிரியில் இஸ்ரோ, விஜயநாராயணத்தில் கடற்படையின் ஐஎன்எஸ் கட்டபொம்மன். இவற்றை அனுமதியில்லாமல் நெருங்குவதை நினைத்துக்கூடப் பார்க்காதீர்கள். மேற்கே மலை.

ஆடிக் காத்துல என்ன செய்வீங்க?

வெளியே எடுக்க மாட்டோம். ஜூன் முதல் செப்டம்பர் வரை செங்கோட்டை, ஆரல்வாய்மொழிக் கணவாய்கள் வழியாக வரும் காற்று மலையைத் தாண்டிச் சுருண்டு இறங்கும். காற்றாலை நிற்கும் இடமெல்லாம் இந்த விமானத்துக்கு ஆகாத இடம். நிறுத்தி வைத்திருந்தாலும் ஆபத்துதான். மூக்கு நிமிர்ந்து நிற்கும் 12 சதுர மீட்டர் இறக்கையை 60 கிலோமீட்டர் காற்று கிட்டத்தட்ட 190 கிலோ விசையில் தூக்கும். முதல் வருஷம் முற்றத்தில் கட்டாமல் விட்டிருந்த இறக்கைச் சட்டம் ஒன்று கிணற்று மேடு வரை புரண்டு போனது. இப்போது மூன்று இடத்தில் கயிறு, முளை மூன்றடி ஆழம்.

வெயில் பறப்பைப் பாதிக்குமா?

ரொம்ப. இயல்பான 15 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 120 அடி உயரம் கூட்டிக்கொள்ளுங்கள். பாளையங்கோட்டையில் 40 டிகிரி என்றால் 3000 அடி. தரையில் நின்றுகொண்டே, மாஞ்சோலை மலைக்கு ஏறும் வழியில் இருக்கிற மாதிரி மெலிந்த காற்றில் கிளம்புகிறோம். எஞ்சின், புரொப்பெல்லர், இறக்கை மூன்றும் சேர்ந்து சோரும். வெளிநாட்டுப் புத்தகத்தில் போட்டிருக்கும் ஓட்டத் தூரத்தை நம் சித்திரைக்கு அப்படியே எடுக்காதீர்கள். விடியற்காலம் நல்லது.

நம்ம ஊர்ல கார்புரேட்டர்ல பனி பிடிக்குமா?

பிடிக்கும். பெட்ரோல் ஆவியாகும்போது கார்புரேட்டருக்குள் சூடு இருபது டிகிரிக்கு மேலேகூட இறங்கும். குற்றாலத்தில் சாரல் அடிக்கும் 25 டிகிரி ஈரக்காற்று அதற்குத் தாராளமாகப் போதும்.

சின்ன விஷயம்னு விட்டு, பெரிசா போன ஏதாவது?

குளவி. வேகமானிக்குக் காற்று கொடுக்கும் பிட்டோ குழாய்க்கு உறை போட மறந்து இரண்டு நாள் விட்டிருந்தேன். மூன்றாம் நாள் ஊதினால் காற்று போகவில்லை. உள்ளே மண் கூடு, அதற்குள் பச்சைப் புழு ஒன்று. 1996 பிப்ரவரியில் டொமினிக்கன் குடியரசில் 189 பேரோடு விழுந்த பெரிய ஜெட்டுக்கும் இதே குளவிக் கூடுதான் காரணமாக இருக்கலாம் என்று விசாரணை சொன்னது. இப்போது உறையில் நீளமான சிவப்பு நாடா கட்டி, அதன் நுனியை இருக்கை வரை இழுத்து வைத்திருக்கிறோம். நாடாவைத் தொடாமல் யாரும் உட்கார முடியாது.

எவ்வளவு காசு, எவ்வளவு நாள்?

எஞ்சின், புரொப்பெல்லர், கருவிகள் மூன்றும் சேர்ந்து மற்ற எல்லாவற்றையும் விட அதிகம் ஆனது. அதனால் எஞ்சினைக் கடைசியில் வாங்குங்கள், அதன் உத்தரவாதக் காலம் குடோனில் தூங்கிக் கழியக் கூடாது. நேரம்: வரைபடத்திலிருந்து கட்டினால் இரண்டாயிரம் மணி நேரம் என்று வையுங்கள். தினம் இரண்டு மணி, வருஷம் 300 நாள் என்றால் மூன்று வருஷத்துக்கு மேல். கல்யாணம், கோயில் கொடை, அறுவடை எல்லாம் சேர்த்தால் எங்கள் மாதிரி ஆறு.

வந்து பார்க்கலாமா? வேலை கத்துக் குடுப்பீங்களா?

ஞாயிறு காலை ஏழு மணிக்கு வாங்க. செருப்பு வேண்டாம், ஷூ போட்டு வாங்க. முதல் நாள் விமானத்தில் கை வைக்க விட மாட்டேன். ஒரு துண்டு அலுமினியத் தகடும், டிரில்லும், கோடு போட ஸ்கெட்ச் பேனாவும் தருவேன். நாற்பது துளை போட்டு, ஒவ்வொன்றின் விளிம்பிலும் பிசிறு எடுத்துக் கொடுக்கணும். நகத்தை ஓட்டிப் பார்ப்பேன், எங்கேயாவது தட்டினால் இன்னொரு தகடு தருவேன். கோடு ஊசியால் கீறாதீர்கள், கீறல் இருக்கும் இடத்தில்தான் தகடு வெடிக்கும். பத்து மணிக்கு மனைவி காப்பி கொண்டுவருவாள்.